இலங்கைப் பொதுத் தேர்தல்கள்: முடிவுகளைத் தீர்மானித்தவை வாக்குகளா, விதிகளா?

தொகுதிவாசி எழுதியது:

1947 முதல் 2024 வரை இலங்கையில் 17 பாராளுமன்றப் பொதுத் தேர்தல்கள் நடந்துள்ளன. அவற்றைத் தலைவர்களின் பெயரோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். 1947 டி. எஸ். சேனநாயக்காவின் தேர்தல், 1956 பண்டாரநாயக்காவின் தேர்தல், 1977 ஜே. ஆர். ஜயவர்தனவின் தேர்தல் என்றே பேசிப் பழகிவிட்டோம். பழைய முடிவுகளை ஆண்டுவாரியாகப் படித்து வரும் எனக்கோ, தலைவர்களைக் காட்டிலும் மூன்று கேள்விகளே பெரிதாகத் தெரிகின்றன. வாக்காளர் இடாப்பில் யாருடைய பெயர் இருந்தது? தொகுதியின் எல்லை எங்கே விழுந்தது? விழுந்த வாக்கு எந்தக் கணக்கின்படி ஆசனமாயிற்று?

இரண்டு தேர்தல்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1970 மே மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 சதவீத வாக்குகளைப் பெற்றது. கிடைத்தவை 17 ஆசனங்கள். ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 36.9 சதவீதம் பெற்று 91 ஆசனங்களை வென்றது. 1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 50.9 சதவீத வாக்கோடு 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. அதே தேர்தலில் 29.7 சதவீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே கிடைத்தன; 7 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 கிடைத்தன. கூட்டணியின் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது இந்தக் கணக்கினால்தான்.

ஆகவே 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த, கட்சிகள் பெற்ற வாக்கு விகிதப்படி மாவட்டந்தோறும் ஆசனங்களைப் பகிரும் விகிதாசாரத் தேர்தல் முறையே நமது தேர்தல் வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையவர்கள் ஆதாரத்தோடு எழுத வேண்டுகிறேன்.

மலைச்சாரல் எழுதியது:

உங்கள் மூன்று கேள்விகளையும் ஏற்கிறேன். ஆனால் முதலாவதாக நீங்களே வைத்த கேள்வியைக் கடந்து மூன்றாவதற்குத் தாவிவிட்டீர்கள். வாக்காளர் இடாப்பில் பெயரே இல்லாதவனுக்குத் தொகுதி முறையும் விகிதாசார முறையும் ஒன்றுதான்.

1947 தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி முதலிய தொகுதிகளில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். தோட்டத் தொழிலாளர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்த வேறு பல தொகுதிகளிலும் அவர்களது வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணை நின்றது. பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவான 95 பேரில் ஆளுங்கட்சியாக வந்த ஐக்கிய தேசியக் கட்சியினர் 42 பேர் மட்டுமே என்பதை நினைவில் கொண்டால், மலையகத்து வாக்கு அக்கட்சிக்கு எத்தகைய அச்சத்தைத் தந்திருக்கும் என்பது விளங்கும்.

அடுத்த ஆண்டே, தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோரைப் பிரஜைகள் அல்லாதவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், அதைத் தொடர்ந்து பிரஜைகளுக்கு மட்டுமே வாக்குரிமை என்ற தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. 1952 தேர்தலில் மேலே சொன்ன தொகுதிகள் அனைத்தும் இருந்தன. அவற்றை உருவாக்கிய மக்களின் பெயர்கள் இடாப்பில் இல்லை. 1947இல் வாக்களித்த என் பாட்டனார், 1952இல் தமது பெயர் இல்லை என்று தோட்டத்து எழுதுவினைஞர் சொன்னபோது அதை நம்பாமல், வாக்களிப்பு நாளன்று நிலையம் வரை நடந்து சென்று திரும்பியதாக எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். அவருக்கு மறுபடி ஒரு வாக்குச்சீட்டு கிடைக்கவே இல்லை.

ஒரு தேர்தலில் வாக்களித்த மக்களை அடுத்த தேர்தலுக்கு முன் சட்டத்தால் நீக்கிய பின்னர், வாக்கை எப்படி எண்ணினார்கள் என்பது எனக்கு இரண்டாவது கேள்வியே.

புள்ளிக்கணக்கு எழுதியது:

தொகுதிவாசி தந்துள்ள 1970 எண்கள் சரியானவை. அவற்றை ஒப்பிட்ட முறை சரியன்று. அந்தத் தேர்தலில் சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றும் ஐக்கிய முன்னணியாக இணைந்து, ஒன்று நிற்கும் தொகுதியில் மற்றது நிற்பதில்லை என்ற உடன்பாட்டுடன் போட்டியிட்டன. சமசமாஜிகள் நின்ற தொகுதிகளில் சுதந்திரக் கட்சி ஆதரவாளர்களின் வாக்கு சமசமாஜிகளின் கணக்கில் பதிவாயிற்று. எனவே 37.9க்கு எதிரே வைக்க வேண்டியது 36.9 அன்று, மூன்று கட்சிகளின் கூட்டுத்தொகையான ஏறத்தாழ 49 சதவீதம். அந்த 49 சதவீதம் தெரிவு செய்யப்பட்ட 151 ஆசனங்களில் 116ஐப் பெற்றது. அதுவும் பெரும் மிகைதான், ஆயினும் தோற்றவர் வென்றார் என்று பொருள்படும் மிகை அன்று. 1970ஐ இவ்வாறு எடுத்துக்காட்டுவது பல கட்டுரைகளில் காணப்படும் பிழை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

1977 உதாரணத்தில் எனக்கு மறுப்பில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணியின் ஆதரவு வடக்கிலும் கிழக்கிலும் செறிந்திருந்தது. சுதந்திரக் கட்சியின் ஆதரவு நாடெங்கும் பரவியிருந்து எல்லா இடங்களிலும் இரண்டாம் இடத்தில் நின்றது. தொகுதி முறை முதலாவதைப் போற்றும், இரண்டாவதைத் தண்டிக்கும்.

தொகுதிவாசி எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி. 1970 குறித்து நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

மலைச்சாரல் அவர்களே, உங்கள் பாட்டனாரைப் பற்றிப் படித்த பின்னர் என் கேள்வியின் வரிசையை நான் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். வாக்காளர்கள் நீக்கப்பட்ட பின்னரும் மலையகத்துத் தொகுதிகள் ஏன் குறையவில்லை? எல்லை நிர்ணயம் பற்றி அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

முன்னாள் தேர்தல் அலுவலர் எழுதியது:

தம்பி தொகுதிவாசி கேட்ட கேள்விக்கு விடை, 1947 தேர்தலுக்கு அடிப்படையான சோல்பரி அரசியலமைப்பின் சூத்திரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாகாணத்திலும் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேல் 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்பது அந்தச் சூத்திரம். ஆட்தொகையால் 70, பரப்பளவால் 25, ஆக 95 ஆசனங்கள் வந்தன. இவற்றோடு, பிரித்தானிய முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி நியமித்த அறுவரையும் சேர்த்துச் சபையில் 101 பேர். மக்கள் அடர்த்தி குறைந்த வடக்கு, கிழக்கு, வடமத்தி, ஊவா மாகாணங்களின் குரல் அமுங்கிவிடக் கூடாது என்பதே பரப்பளவுக் கணக்கின் நோக்கம்.

சூத்திரத்தில் எண்ணப்பட்டவர்கள் 'ஆட்கள்'; 'வாக்காளர்கள்' அல்லர். இதைக் கவனியுங்கள். பிரஜாவுரிமை இழந்த தோட்டத் தொழிலாளரும் ஆட்தொகையில் அடங்குவர். அவர்களது தலைகளை எண்ணி மத்திய, ஊவா மாகாணங்களுக்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த ஆசனங்களுக்கு உரியவரைத் தெரிவு செய்தவர்களோ அயலிலிருந்த கிராமத்து வாக்காளர்கள். 1959இல் 151 ஆசனங்களாக எல்லைகள் மறுபடி வகுக்கப்பட்டபோதும் இந்த நிலை தொடர்ந்தது. கொழும்பில் ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்ய எத்தனை வாக்காளர் தேவைப்பட்டனரோ அதைவிட மிகக் குறைந்தவர்களே மலைநாட்டுத் தொகுதியொன்றில் போதுமானவர்களாயினர். மலைச்சாரல் சொல்லும் அநீதி, ஆகையால், வாக்கைப் பறித்ததோடு முடியவில்லை. பறிக்கப்பட்டவர்களின் எடை வேறொருவர் தட்டில் சேர்க்கப்பட்டது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் மூத்த அலுவலர் ஒருவர் இதை எனக்கு ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து எந்தத் தேர்தல் முடிவையும் எல்லைப்படத்தைப் பார்க்காமல் நான் படித்ததில்லை.

வாக்களிப்பு நாட்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1947இல் வாக்களிப்பு ஆகஸ்ட் 23 தொடங்கிச் செப்டெம்பர் 20 வரை பல நாட்களில் நடந்தது. 1952இல் அது நான்கு நாட்களாகவும் 1956இல் மூன்று நாட்களாகவும் குறைந்து, 1960 மார்ச் தேர்தலில்தான் முழு நாடும் ஒரே நாளில் வாக்களித்தது. முதல் நாள் முடிவு வெளியாகிய பின்னர் அடுத்த நாள் வாக்களிப்பவர் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே 1960 மார்ச்சில் வாக்களிக்கும் வயதும் 21இலிருந்து 18ஆகக் குறைந்து நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேர்தலின் முடிவு உறுதியற்றதாகி, டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் சிம்மாசன உரை வாக்கெடுப்பிலேயே வீழ்ந்து, ஜூலையில் மறுபடி தேர்தல் நடந்து, சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதல் பெண் பிரதமரானார் என்பது அனைவரும் அறிந்ததே. அவர் பிரதமரான பின்னரே மேல்சபையான செனற் சபைக்கு நியமிக்கப்பட்டார். பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தலில் நின்றவர் அல்லர்.

நான் முதன்முதலாகக் கடமையாற்றியது 1977 தேர்தலில். வன்னியில் ஒரு சிறிய பாடசாலையில் கனிஷ்ட அலுவலராக இருந்தேன். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது வரிசை பாடசாலை வேலியைத் தாண்டி வீதி வரை நின்றது. நாடு முழுவதும் 86 சதவீதத்துக்கு மேல் வாக்களித்த தேர்தல் அது. அந்த வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த பொதுத் தேர்தலில் வாக்களிக்கும் வாய்ப்புக் கிட்டியிருக்கும் என்று பிற்காலத்தில் பலமுறை எண்ணியதுண்டு.

வடமராட்சியான் எழுதியது:

ஐயா தமது பதிவின் கடைசி வரியில் தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

தேர்தல் நடக்காத காலமும் தேர்தல் வரலாற்றில் சேரும். 1970இல் ஐந்தாண்டுக்கெனத் தெரிவான சபை, 1972 குடியரசு அரசியலமைப்பின் மூலம் தன் ஆயுளைப் புதிதாகத் தொடங்கி 1977 வரை நீடித்தது. அந்த அரசியலமைப்புக்கு எதிராகத் தந்தை செல்வநாயகம் 1972 அக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து மக்கள் தீர்ப்பைக் கேட்டார். இடைத்தேர்தல் நடந்தது 1975 பெப்ரவரியில். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு தொகுதிக்கு உறுப்பினரே இல்லை.

1977 பாராளுமன்றத்தின் கதை இதைவிடப் பெரிது. 1982 டிசம்பர் 22ஆம் திகதி, பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. பாராளுமன்றத்தின் காலத்தை மேலும் ஆறு ஆண்டுகள் நீடிக்கச் சம்மதம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். நாடளாவிய முடிவில் 54.66 சதவீதத்தினர் விளக்குக்கு வாக்களித்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்கு வாக்களித்தார்கள். தொகுதி முறையில் கிடைத்த ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மை, புதிய விகிதாசார முறையின் கீழ் ஒருபோதும் திரும்பக் கிடைக்காது என்பதை அரசாங்கம் நன்கு அறிந்திருந்தது. தொகுதிவாசி போற்றும் 1978 முறையின் முதல் விளைவு, அந்த முறையில் தேர்தல் நடக்கவிடாமல் செய்ததுதான்.

பின்னர் 1983இல் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் சபைக்குச் செல்லாமல் ஆசனங்களை இழந்தனர். 1977இல் வட மாகாணத்தின் 14 ஆசனங்களையும் வென்ற கட்சி அது. அதன் பின்னர் 1989 பெப்ரவரி வரை எங்கள் மக்களுக்குத் தாம் தெரிவு செய்த உறுப்பினர் எவரும் கொழும்பில் இல்லை. 1989 தேர்தல் தெற்கிலும் வடக்கிலும் துப்பாக்கிகளின் நடுவே நடந்தது; தமிழ் ஆயுத இயக்கங்களில் ஒன்றான ஈரோஸ் ஆதரித்த சுயேச்சைகள் நாட்டில் 13 ஆசனங்களை வென்றனர். 1994 ஆகஸ்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பெரும்பகுதி அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. பதிவு செய்யப்பட்டவர்கள் கிட்டத்தட்ட ஆறு இலட்சம் பேர். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு மூவரும் இல்லை. ஏறத்தாழ 10 ஆயிரம் வாக்குகளைப் பெற்ற ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் சுயேச்சைக் குழுவுக்கு மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9 கிடைத்தன. விதிப்படி அது செல்லுபடியான முடிவே. இந்த ஒரு முடிவுக்காகவேனும் விதிகளைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

நான் அந்த ஆண்டு 18 வயதை எட்டியிருந்தேன். எங்கள் ஊரில் வாக்களிப்பு நிலையமே இல்லை.

கல்முனை வாசகி எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் விகிதாசார முறையின் ஒரு பக்கத்தையே பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பரந்து வாழும் சிறுபான்மையினருக்கு அந்த முறை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

தொகுதி முறைக் காலத்தில் கலந்து வாழும் இடங்களுக்குப் பல உறுப்பினர் தொகுதிகள் வகுக்கப்பட்டன. கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதி. மட்டக்களப்பும் 1976 எல்லை நிர்ணயத்தில் பொத்துவிலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். 1977இல் பொத்துவிலில் முதலாம் உறுப்பினராக ஐக்கிய தேசியக் கட்சியின் முஸ்லிம் வேட்பாளரும் இரண்டாம் உறுப்பினராகக் கூட்டணியின் தமிழ் வேட்பாளரும் வந்தனர். வகுத்தவர்கள் எண்ணியது அங்கே நடந்தது. எனினும் இவை விதிவிலக்குகளே. முஸ்லிம்கள் பெரிய கட்சியொன்றின் சீட்டில் நின்றே சபைக்குள் போக வேண்டியிருந்தது.

1978 அரசியலமைப்பின் முதல் வடிவத்தில் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கு, அதாவது 12.5 சதவீதம் பெறாத கட்சிக்கு ஆசனப் பங்கீட்டில் இடமில்லை. ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம். எச். எம். அஷ்ரப் 1988இல் அப்போதைய பிரதமர் பிரேமதாசாவிடம் வாதாடி அதை 5 சதவீதமாகக் குறைக்கச் செய்தார். அந்த ஆண்டு டிசம்பரில் 15ஆவது திருத்தமாக அது நிறைவேறியது. இரண்டு மாதங்களில் நடந்த பொதுத் தேர்தலில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களைப் பெற்றது. அந்த வெட்டுப்புள்ளி குறைந்ததால் பயன்பெற்றவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். மக்கள் விடுதலை முன்னணி 2000இல் 10, 2001இல் 16 ஆசனங்கள் என வளர்ந்ததும் அதே கதவின் வழியாகத்தான். 2020இல் 3 ஆசனங்களோடு இருந்த, அக்கட்சி தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 2024இல் 159 ஆசனங்களைப் பெறுவதற்கு, அதுவரை சபையில் ஒரு மூலையிலாவது நிற்க இடம் கிடைத்திருந்தது முக்கியம் அல்லவா?

ஒரு குறையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மாவட்டம் முழுவதும் அலைந்து, கட்சிப் பட்டியலில் தமக்கென்று தனியே விருப்பு வாக்குச் சேர்க்கும் முறை, பணமும் ஆள்பலமும் உள்ளவருக்கே உகந்தது. அது ஒரே கட்சியின் வேட்பாளர்களை ஒருவரோடொருவர் மோத வைத்தது. பெண்களை வெளியே தள்ளியது. 1947லேயே கிரியெல்ல தொகுதியில் புளோரன்ஸ் சேனநாயக்கா சமசமாஜக் கட்சி சார்பில் வென்ற நாட்டில், 2020 தேர்தலில் தெரிவான 225 பேரில் பெண்கள் 12 பேர். 2024இல் 21 பேர் வந்திருக்கிறார்கள், மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாக அவர்களுள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் பத்தில் ஒருவர் என்ற கணக்கையே இன்னும் எட்டவில்லை.

புள்ளிக்கணக்கு எழுதியது:

வாசகி அவர்கள் சொன்ன வெட்டுப்புள்ளி உள்ளே விடுவது போலவே வெளியேயும் தள்ளும். 2024இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நடந்ததைப் படிப்படியாகப் பார்த்தால் இது விளங்கும். பலர் இந்த முடிவைப் புரியாமலே கோபப்பட்டார்கள்.

ஆசனங்கள் 6. செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 3 இலட்சத்து 25 ஆயிரம். முதலிடம் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கு 80 ஆயிரத்துச் சொச்சம், அதாவது நான்கில் ஒரு பங்கு. இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 63 ஆயிரத்துச் சொச்சம். தமிழ்க் காங்கிரசுக்கும் சுயேச்சைக் குழு ஒன்றுக்கும் தலா 28 ஆயிரத்தை ஒட்டிய வாக்குகள். எஞ்சியவை பல கட்சிகளுக்கும் ஏராளமான சுயேச்சைக் குழுக்களுக்கும் சிதறின.

முதலில், மாவட்டத்தில் அதிக வாக்குப் பெற்றவருக்கு ஒரு போனஸ் ஆசனம். எனவே தேசிய மக்கள் சக்திக்கு 1. அடுத்து, 5 சதவீதத்தை எட்டாதவர்களின் வாக்குகள் கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன. எஞ்சுவது ஏறத்தாழ 2 இலட்சத்து 40 ஆயிரம். அதை மீதமுள்ள 5 ஆசனங்களால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்குச் சுமார் 48 ஆயிரம் வாக்குகள். இந்த அளவை முழுமையாக எட்டியவை இரண்டே கட்சிகள், இரண்டுக்கும் ஒவ்வொன்று. மூன்று ஆசனங்கள் இன்னும் எஞ்சுகின்றன. அவை மிச்ச வாக்கு அதிகமுள்ளவர்களுக்குப் போகும். தேசிய மக்கள் சக்தியின் மிச்சம் 32 ஆயிரத்துக்கு மேல், அடுத்தது காங்கிரஸ், அதற்கடுத்தது சுயேச்சைக் குழு. தமிழரசுக் கட்சியின் மிச்சம் 15 ஆயிரத்தளவே என்பதால் அதற்கு எதுவும் இல்லை.

ஆக, நான்கில் ஒரு பங்கு வாக்குக்கு 6இல் 3 ஆசனங்கள். இந்த முறைக்கு 'விகிதாசாரம்' என்ற பெயரே வழங்கப்படுகிறது. விலக்கப்பட்ட 85 ஆயிரம் வாக்குகள் முதலிடம் பெற்ற கட்சியின் வாக்குகளை விட அதிகம் என்பதையும் நோக்குங்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. ஒரே நோக்கமுடையவர்கள் பத்துக் குழுக்களாகப் பிரிந்து நின்றால் இந்தச் சூத்திரம் அவர்களைக் கழித்துவிடும். அதை வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே கணக்கிட்டிருக்கலாம்.

நாடளாவிய நிலையிலும் போனஸ் ஆசனத்தின் பங்கு சிறிதன்று. 22 தேர்தல் மாவட்டங்களில் மட்டக்களப்பு நீங்கலாக 21இலும் தேசிய மக்கள் சக்தியே முதலிடம். 61.56 சதவீத வாக்கு 70 சதவீத ஆசனங்களாயிற்று. மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இந்த முறை தராது என்று 1978 முதல் சொல்லப்பட்டு வந்தது. 2010இல் 144, 2020இல் 145 எனக் கிட்ட வந்து நின்றது, 2024இல் முதன்முறையாகத் தனிக்கட்சி ஒன்றுக்கு 150ஐத் தாண்டியது.

தொகுதிவாசி எழுதியது:

இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. 196 மாவட்ட ஆசனங்களில் 160 வாக்காளர் தொகையின்படி பகிரப்படுகின்றன; 36, மாகாணத்துக்கு நான்கு வீதம் ஒன்பது மாகாணங்களுக்கும் சமமாகத் தரப்படுகின்றன. எஞ்சிய 29, நாடளாவிய வாக்கு விகிதப்படி கட்சிகளுக்குப் பகிரப்படும் தேசியப் பட்டியல். அந்த நான்கு வீத ஒதுக்கீட்டில் சோல்பரியின் பரப்பளவுக் கணக்கின் சாயல் எனக்குத் தெரிகிறது. ஐயாவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மலைச்சாரல் எழுதியது:

ஐயா பதில் எழுதும் முன்னர் ஒரு கணக்கை முடித்துவிடுகிறேன். 1949இல் பறிபோனது எப்போது திரும்பியது என்று இந்த இழையில் எவரும் கேட்கவில்லை.

1960இல் தொண்டமான் மறுபடி சபைக்கு வந்தது நியமன உறுப்பினராக, வாக்கால் அன்று. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பேசியது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பத்தாண்டுகளுக்குப் பின் இரு நாடுகளுக்கும் பாதிப்பாதி. 1977இல் நுவரெலியா மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக்கப்பட்டு, காமினி திசாநாயக்கா, அனுரா பண்டாரநாயக்கா ஆகியோருக்கு அடுத்து மூன்றாம் உறுப்பினராகத் தொண்டமான் தெரிவானார். 1947க்குப் பின் முப்பது ஆண்டுகள் கழித்து மலையகத் தமிழரின் அமைப்பொன்று வாக்கால் பெற்ற முதல் ஆசனம் அது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. 1948 முதல் 2003 வரை 55 ஆண்டுகள். இடையில் 11 பொதுத் தேர்தல்கள்.

கல்முனை வாசகி சொன்ன விகிதாசாரத்தின் பயன் எங்களுக்கும் கிட்டியது என்பதை மறுக்கவில்லை. மாவட்டம் முழுவதும் ஒரே கிண்ணம் என்றான பின்னர் பதுளையிலும் கண்டியிலும் சிதறிக் கிடந்த எங்கள் வாக்குகள் ஒன்றாகச் சேர்ந்தன. ஆகவேதான், தொகுதி முறைக்குத் திரும்ப வேண்டும் என்று எவரேனும் பேசினால் எங்கள் பக்கத்தில் உடனே எழும் கேள்வி எல்லையை யார் கீறுவது என்பதாக இருக்கிறது.

முன்னாள் தேர்தல் அலுவலர் எழுதியது:

தொகுதிவாசி கண்ட சாயல் உண்மையே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சோல்பரிக் காலத்தில் நிலத்தின் அளவு எண்ணப்பட்டது, நிலம் இடம்பெயராது. இப்போது மாகாணத்துக்குரிய நான்கு போக எஞ்சியவை வாக்காளர் இடாப்பைப் பொறுத்தவை. மக்கள் இடம்பெயர்ந்தால் ஆசனமும் கூடவே போகும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 11 ஆசனங்கள் இருந்தன. 1994இல் 10, 2000இல் 9, 2015இல் 7, 2024இல் 6. போரினால் நாட்டைவிட்டுப் போனவர்களும் மீளாதவர்களும் இந்த எண்களில் இருக்கிறார்கள்.

மலைச்சாரலின் கேள்வி அலுவலர்கள் மத்தியிலும் எழுந்தது. மாகாண சபைகளுக்குத் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையைக் கொண்டுவர 2017இல் சட்டம் நிறைவேறி, எல்லை நிர்ணயக் குழுவின் அறிக்கையும் தயாரிக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் அது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்தனர். ஆதரித்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. புதிய எல்லையும் இல்லை, பழைய முறையும் இல்லை என்றாகி, அத்தேர்தல்களே நின்று போயின. எல்லை கீறுவது எவ்வளவு அரியது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

1976இல் வகுக்கப்பட்ட 160 தொகுதிகளும் கலைக்கப்படவில்லை என்பதை இளையவர்கள் பலர் அறிய மாட்டார்கள். ஒவ்வொரு தேர்தல் இரவிலும் ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று பதினொரு தொகுதிகளின் முடிவுகளும் தனித்தனியே வாசிக்கப்படுகின்றன. அவை வாக்கு எண்ணும் பிரிவுகளாக மட்டும் எஞ்சியுள்ளன. அவற்றுக்கென்று உறுப்பினர் எவரும் இல்லை. 1977இல் நான் பெட்டியை முத்திரையிட்டு அனுப்பிய தொகுதியின் பெயரும் இன்றுவரை வாசிக்கப்படுகிறது.

தொகுதிவாசி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. 1978ஐ முதலில் வைத்த என் வரிசை தவறு. 1949ஐ அதற்கு முன்னே வைக்கிறேன். வடமராட்சியான் காட்டிய 1982ஐ எங்கே வைப்பது என்று இன்னும் யோசிக்கிறேன்.

1947, 1960, 1977 ஆகிய மூன்று தேர்தல்களுக்கும் மாகாணவாரியாக ஆட்தொகை, வாக்காளர் தொகை, ஆசனங்கள் என்ற மூன்று நிரல்களில் ஓர் அட்டவணை தயாரித்து வருகிறேன். மத்திய மாகாணத்தின் நிரல் முடிந்ததும் முதலில் மலைச்சாரல் அவர்களின் பார்வைக்காக அதை இங்கே இடுவேன்.